அம்பத்தூரிலிருந்து பம்பாய் எவ்வளவு தூரம்?

டிக்கெட் பதிவு செய்து கொடுப்பவனிடம் பயணம் போகிறவர் மட்டும் வரமாட்டார், குடும்பமே வரும். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை வறண்ட சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கடை வைத்திருந்தேன். எல்லாம் ரயில் டிக்கெட்தான். விமான டிக்கெட் என்று முதன்முதலாகக் கேட்டு வந்தவர் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டும் டர்னர் தனபால். சனிக்கிழமை காலை பம்பாயில் துபாய் வேலைக்கு இன்டர்வியூ. தந்தி கைக்கு வந்ததோ வியாழக்கிழமை.

ரெண்டே மணி நேரம்

"ரயிலுக்கு ஒரு ராத்திரி ஒரு பகல் பத்தாது. ப்ளேன்ல ரெண்டே மணி நேரம்!" என்றேன், என்னவோ நானே ஓட்டப்போகிற மாதிரி. சுவரில் தொங்கிய இந்தியா படத்தில் விரலால் கோடு இழுத்தும் காட்டினேன். ரயில் வளைந்து வளைந்து எண்ணூறு மைல் போகும், ஆகாயத்தில் அறுநூற்றுச் சொச்சம்தான்.

தனபால் முகம் மலர்ந்தது. கூட வந்த அவர் மனைவி சரோஜாதான் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "அவ்ளோ தூரத்த அவ்ளோ சீக்கிரம் போனா மனுசனுக்கு மூச்சு முட்டாதா? கொஞ்சம் மெதுவா போற ப்ளேனா பாத்துக் குடு அண்ணாத்தே."

பை முன்னே போனது

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தனபால் வீட்டு வாசலில் டாக்சியோடு போய் நின்றேன். நான் வாங்கிக் கொடுத்த முதல் விமான டிக்கெட் ஆயிற்றே, வழியனுப்பாமல் இருப்பேனா?

பதினோரு மணி ராகு காலம். அதனால் விடிந்ததுமே நல்ல நேரம் பார்த்து, பையை எதிர்வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டார்களாம். பை வாசல் தாண்டினால் ஆளே கிளம்பிய கணக்கு. டிக்கெட்டும் பைக்குள்ளேயே! எதிர்வீடு சரோஜாவின் அண்ணன் வீடு. அந்த மகராசன் பையை மறந்து, வீட்டைப் பூட்டிச் சாவியோடு முத்தாபுதுப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"உடைங்கய்யா!" என்று கத்தினேன். தனபால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ப்ளேன் போனா போவட்டும் சார். பூட்ட ஒடச்சிகினு கெளம்புன காரியம் வெளங்குமா?"

குழவி

சரோஜா உள்ளே ஓடினாள். அம்மிக் குழவியோடு வந்தாள். மூன்றே போடு! தெருவே கூடிவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை, பையைக் கொண்டுவந்து புருஷன் மடியில் போட்டாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"எங்கண்ணன் ஊட்டுப் பூட்டு, நான் ஒடச்சேன். வர்ற பாவம் எனக்கே வரட்டும். நீ ஏறுய்யா வண்டில!"

திரும்பும் வழி

எங்கள் மூவரோடும் டாக்சி பறந்தது. மீனம்பாக்கத்தில் கடைசி ஆளாக ஓடி ஏறினார் தனபால். ப்ளேன் மேலே கிளம்பியதும் நானும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். சரோஜா மட்டும் புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்தபடியே நின்றாள்.

திரும்ப பஸ். கிண்டியில் காத்திருந்தோம், வடபழனியில் காத்திருந்தோம், பாடி அருகே டயர் பஞ்சர். சரோஜா மணி கேட்டாள். சொன்னேன். இந்நேரம் இறங்கியிருப்பார் என்றும் சொன்னேன். அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு பம்பாய்க்கே பூட்டாரு, நாம இன்னும் ஊட்டாண்ட வரல. அப்ப துபாயும் ஒண்ணும் தூரமில்லதான், இல்ல அண்ணாத்தே?"

தனபாலுக்கு வேலை கிடைத்தது. அதற்கப்புறம் மண்ணூர்பேட்டையில் யார் ப்ளேன் ஏறினாலும் பரஸ்தானப் பையை என் கடையில்தான் வைத்தார்கள், எனக்குத்தான் உட்கார இடமில்லை.