ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்ற ஜீப்

1

ஏகாம்பரம் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் காசநோய்ப் பிரிவில் ஹெல்த் விசிட்டர். அவர் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டால் இருமல் நின்று, பசி எடுத்து, ஆள் தேறிவிடுவார். எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். கோர்ஸை முடிக்காமல் விட்டால் கிருமி மறுபடி கிளம்பும். அப்புறம் பழைய மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம்.

பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அசையவில்லை.

"ஒடம்புதான் நல்லாயிடுச்சே மேடம். நீங்களும் எங்கள மாதிரி பஸ்ல வர்றவங்கதான். பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும், பாக்கலாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெடிக்கல் ஆபீசரைக் கெஞ்சிக் கூத்தாடி ஜீப்பில் அழைத்துப் போனேன். ஜீப் கதவில் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தெருவே கூடிவிட்டது. ஏகாம்பரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே பேசினார்.

"பொண்ணப் பாக்க வேலூர்லேர்ந்து வர்றாங்க. ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களே. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

2

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்ப்பவர். மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, ஆனால் பள்ளிவாசலில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கேட்பதில் ஆர்வம் ஜாஸ்தி. அன்று சாப்பிடும்போது அவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"சொல்லவேண்டியதச் சொல்லிட்டேங்க. நபிமாருக்கே எடுத்துச் சொல்றதுதான் கடமை. நான் எம்மாத்திரம்?"

"மனசத் திருப்புறது அல்லா வேலைன்னு அதுக்கு அர்த்தம். ஒருதரம் சொல்லிட்டு வந்து படுத்துக்கன்னு அர்த்தமா? நூஹ் நபி, பெருவெள்ளத்துல குறுக்க அலை வந்து மறிக்கிற வரைக்கும் பெத்த புள்ளயக் கப்பலுக்குக் கூப்பிட்டுக்கிட்டேதானே இருந்தாரு?"

"அவன் வரலியே."

"வரலதான். அதுக்காக அவரு கூப்பிடாம இருந்தாரா?" குழம்பை ஊற்றிக்கொண்டு என்னைக் கிண்டலாகப் பார்த்தார். "அப்புறம், ஜீப்ப எதுக்குக் கொண்டு போன? இந்தத் தூதரு நம்மள மாதிரி சாப்புடுறாரு, கடத்தெருவுல நடக்குறாரு, வானத்துலேர்ந்து ஒரு மலக்கு, தேவதூதரு, வரக்கூடாதான்னுதான் அந்தக் காலத்து ஜனங்களும் கேட்டாங்க. அவங்க கேட்டாங்கன்னு மலக்கா வந்துச்சு? மனுசன்தான் வந்தாரு."

எனக்கு எரிச்சல். பம்பு ரிப்பேர்காரருக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றேன். ஆனால் படுத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

சிறுவயதில் மதரசாவில் ஓதியதுதான். இறைவனிடமிருந்து வஹீ, அதாவது இறைச்செய்தி, பெற்றவர்கள் நபிமார்கள். அவர்களில் ஒரு சமூகத்துக்கென்று தூதோடு அனுப்பப்பட்டவர்கள் ரசூல்மார்கள். மூஸா, ஈஸா முதல் இறுதியாக வந்த முஹம்மது (ஸல்) வரை எல்லோரையும் நம்புகிறோம். ஒருவரையும் கடவுளாக்குவதில்லை. அந்தந்தச் சமூகத்துக்கு அவர்களுக்குள்ளிருந்தே, அவர்கள் மொழி பேசும் மனிதரை அனுப்பினான் இறைவன். அவர்களோடு என்னை ஒப்பிடுவது அதபு, மரியாதை, ஆகாது. அவர்கள் போன வழியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவே.

3

மறுநாள் காலையிலேயே மண்டிக்குப் போனேன். ஏகாம்பரம் தராசுப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பின்பக்கத்து டீக்கடைக்குக் கூப்பிட்டேன். வேண்டாவெறுப்பாக வந்தார்.

அன்று நான் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. பெண்ணைப் பற்றிக் கேட்டேன். வேலூர்க்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லையாம். பாவமாக இருந்தது.

"தம்பி, இன்னிக்கி இல்லன்னாலும் நாளைக்கி அதுக்கு நல்ல எடம் வரும். மனையில ஒக்காரும்போது தாரை வார்த்துக் குடுக்க அப்பன் வேணும்ல?"

டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கு வராதீங்க. இங்கயே குடுக்கறீங்களா? பாக்கறவங்க பிரஷர் மாத்திரன்னு நெனச்சுக்கட்டும்."

சளி டெஸ்ட் எடுத்து, டாக்டர் கோர்ஸை மறுபடி ஆரம்பித்தார். டீக்கடைதான் எங்கள் ஆஸ்பத்திரி ஆனது. மேடம், அக்கா ஆனேன். வேகவைத்த மல்லாட்டையைக் காகிதத்தில் மடித்து என் பையில் திணிக்காமல் ஒருநாளும் அனுப்பமாட்டார். அவர் மேல் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி பாசம் வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் ஏகாம்பரம் இல்லை. கடைசிவரை கேட்காமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்காக அழுதிருக்கிறேன். மனசைத் திருப்புவது நம் கையில் இல்லை. மறுபடி போய்க் கூப்பிடுவது நம் கையில்தான் இருக்கிறது.

கடைசி டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்த அன்று, ஏகாம்பரம் என்னிடம் கேட்டார்.

"யக்கா, அன்னிக்கி நான் முடியாதுன்னு எழுந்து போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"மறுநாள் வந்திருப்பேன்."

"அன்னிக்கும் எழுந்து போயிருந்தா?"

நான் பையிலிருந்து அன்றைய பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.