பூஜைக்குப் போன டிஸ்க்

என் அக்காவின் கணவர், நாங்கள் பாவா என்று கூப்பிடுபவர், திருத்தணியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படங்களை டிவியில் ஓடவிட்டு, ஆல்பத்துக்கு வேண்டியதைப் பெண் வீட்டார் தேர்ந்தெடுக்க அங்கே ஒரு புரோகிராம் உண்டு. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, அதை சர்வராக்கி, அந்தப் புரோகிராமைப் போட்டுக்கொடுத்தது நான்தான். "இது படுக்கவே படுக்காது" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான்.

விஜயதசமியன்று காலை, முதல் தோசை தட்டில் விழும்போது பாவா போன் செய்தார்.

"மச்சான், உன் புரோகிராமு கெளம்ப மாட்டேங்குது. கல்யாணப் பொண்ணு வந்து உக்காந்துகினு இருக்குது. மத்தியானம் அரக்கோணத்துல ரயில் ஏறணுமாம்."

போனேன். புதுப்பெண் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு அசாமில் வேலை, அங்கேதான் கிளம்புகிறாள். இன்று விட்டால், ஆல்பத்துக்கான படங்களை அவளுடைய பெரியம்மாதான் தேர்ந்தெடுப்பாராம்.

"அவங்க எடுத்தா ஆல்பம் முழுக்க அவங்கதான் இருப்பாங்க. எப்டியாவது ஓட வைங்கண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராம்தான் கிளம்பின வேகத்தில் விழுந்தது. படங்கள் இருக்கும் ஃபோல்டரில் எதையும் படிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னது. அனுமதிப் பிரச்சினைதான் என்று முடிவுகட்டி, எல்லா அனுமதியையும் திறந்துவிட்டேன். விழுந்தது. புரோகிராமையே அழித்துப் புதிதாகப் போட்டேன். அதுவும் விழுந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பாவாவோ "டீ சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் கோபத்துக்கு டீதான் மருந்து என்பது அவர் கட்சி.

அப்புறம்தான் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்த்தேன். காலி. படங்கள் எல்லாம் வெளியே செருகியிருக்கும் ஒரு தனி டிஸ்கில் இருப்பவை. சர்வருக்குப் பின்னால் குனிந்தேன். ஒயர் இருந்தது, அதன் முனையில் எதுவும் இல்லை. பெட்டியின் முன்பக்கம் மட்டும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"பாவா, நேத்து ஆயுத பூஜைக்கு இத யாரு தொடச்சது?"

"வேற யாரு, உங்க அக்காதான்."

மாடியில் இருந்த வீட்டுக்கு ஓடினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கேமரா, கத்தரிக்கோல், பொரித்தட்டு. நடுவில், பூச்சரம் சுற்றிய டிஸ்க். கையை நீட்டினேன், அக்கா தட்டிவிட்டாள்.

"பூஜைல வெச்சத மறுபூஜை போடாம எடுப்பியா? எல்லார் கல்யாணமும் இதுக்குள்ளதான கீது? அதான் நடுவுல வெச்சேன்."

"மறுபூஜை எப்பக்கா?"

"ராகு காலம் முடியட்டும்."

ரயில் ராகு காலம் பார்க்காது என்று கத்தினேன். அக்கா அசையவில்லை. எனக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்த அந்தப் பெண், "நான் கற்பூரம் ஏத்தட்டுமாக்கா?" என்று கேட்டாள். அவள் கழுத்துத் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஆங், நீ ஏத்தும்மா. புதுப்பொண்ணு கையால ஏத்துறதவிட நல்ல நேரம் ஏது?"

கற்பூரம் அணைந்ததும், பூஜை முடிந்ததற்கு அடையாளமாக அக்கா டிஸ்கைச் சற்று நகர்த்திவைத்து, பிறகு என் கையில் கொடுத்தாள். செருகினேன். புரோகிராம் ஒரே தட்டில் எழுந்தது. பாவா விசிலடித்தார்.

அவள் மளமளவென்று தேர்ந்தெடுத்தாள். மேடைப் படங்கள் ஓடி முடிந்து, பந்திப் படம் ஒன்றில் நிறுத்தினாள். வெறும் பனியனோடு, கையில் சாம்பார் வாளியோடு, யாரைப் பார்த்தோ வாய்விட்டுச் சிரிக்கும் ஓர் ஆள்.

"இதுல நீயே இல்லியேம்மா" என்றார் பாவா.

"எங்க நைனா, அண்ணா. என்னப் பெத்தவரு. எல்லாரும் மேடையில நின்னாங்க, இவரு பந்திய விட்டு வரவே இல்ல. இதுதான் மொதப் பக்கம்."

வாசலில் பெட்டிகளோடு ஆட்டோவில் காத்திருந்த அவள் அப்பா, "ஆச்சாம்மா?" என்று உள்ளே வந்தார். டிவியைப் பார்த்ததும் கூச்சத்தில் நெளிந்தார்.

"ஐயய்ய, பனியனோட நிக்கிறேனே. இத எடுத்துடச் சொல்லும்மா."

"அசாமுல யாருக்கும் உன்னத் தெரியாது நைனா. நான் யாரோட பொண்ணுன்னு காட்டணும்ல?"

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றார். ஆனால் டிவி முன்னாலிருந்து அவர்தான் நகரவில்லை.