ஈயமணி தட்டிய கோல்

வீச்சுக்காரர் என்றால்தான் அந்த ஆற்றங்கரையில் அவரைத் தெரியும். வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய் மீன்பிடிக்க வைப்பது தொழில். புழுவெல்லாம் கிடையாது, இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. ஆழத்து மீனுக்கு அதன் தலையில் ஈயமணி கட்டுவார்கள். அங்கேதான் வம்பு. லேசான பூச்சி கயிற்றோடு ஒழுங்காகப் போகும்; ஈயப்பூச்சி பாதியில் தொங்கி, வீசுகிறவன் காதையோ தூண்டில் கோலின் நுனியையோ பதம் பார்க்கும். கார்பன் கோலில் ஒரு தட்டு போதும். கண்ணுக்கே தெரியாமல் வடு விழும். என்றோ ஒருநாள் கனம் ஏறும்போது சரியாக அங்கே ஒடியும். நாம் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

"பக்கவாட்டுல பின்னால கொண்டுபோங்க, தலைக்கு மேல முன்னால கொண்டுவாங்க. கயிறு பின்னால நீளட்டும், பொறுங்க!" என்று இருபத்தாறு வருடம் தொண்டை கிழியக் கத்தியவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. அட, இரண்டில் ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அவர் பார்த்த அதே வேலைக்கு மகள் மனு போட்டிருந்தாள். மறுநாள் தேர்வு. ஆற்றில் மிதக்கும் வளையத்துக்குள் ஈயப்பூச்சியைப் பத்து முறை வீச வேண்டும். நடுவில் கோல் ஒடிந்தால் அந்த வருடம் அவ்வளவுதான். அப்பாவின் கோலோடுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அன்று சாயங்காலம், மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மனைவியின் தம்பி வந்தான். ஊரே அவனை அவசரம் என்றுதான் கூப்பிடும். மச்சான் கோலின் துண்டுகளைப் பொருத்திப் பூட்டி, ஈயப்பூச்சியைக் கட்டி, பின்வாசலில் நின்று ஈ விரட்டுகிறவன் மாதிரி விளாசினான்.

டிக்.

ஈயமணி கோலில் பட்ட சத்தம் என்று சக்கர நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

"சும்மா பறக்குது மச்சான்!" என்றான் அவசரம்.

"ஆ... ஆ..." என்று அலறினார். மனைவி ஓடிவந்தாள். "தண்ணியா? முதுகு வலிக்குதா?" என்று ஒரு தலையணையைச் செருகினாள். மகள் வந்ததும் இடது கையால் அவசரத்தையும் கோலையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

"மாமா உன் கோலைத் தொட்டுட்டாராம், கோவம் பொத்துக்கிட்டு வருது," என்று அவள் சிரித்தாள். "துடைச்சு வச்சிடறேன்பா, விடு."

பேனாவை வாங்கிக் கிறுக்கினார். கோழி கிளறியதுபோல் இருந்தது.

காலையில் கிளம்பும்போது மகள் கோலைப் பூட்டி அவர் மடியில் வைத்தாள். "ஒருதரம் தொட்டுக் குடுப்பா." இடது கட்டைவிரலால் நுனியிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். ஒரு சாண் கீழே எறும்பு கடித்த மாதிரி ஒரு சொரசொரப்பு. அதேதான். இனி எப்படிச் சொல்வது? நுனியை நாற்காலிக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து அழுத்தினார். நல்ல கோலாக இருந்தால் வில்லாய் வளைந்திருக்கும். இது படக்கென்று ஒடிந்தது.



"பெத்த பொண்ணு மேலயா உங்க கோவம்?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் ஒடிந்த முனையை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். தொடேன், அந்த வடுவை ஒருதரம் தொட்டுப் பாரேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

"ஒடிச்சது பத்தாதுன்னு காட்டவேற செய்றியா?" அவள் குரல் உடைந்தது. "நான் உன் வேலைக்குப் போறது உனக்குப் பிடிக்கலையாப்பா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமாவிடம் ஒரு பழைய கோல் இருந்தது; அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒடிந்த துண்டுகளை மனைவி குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானம் முதலில் அவசரம்தான் ஓடிவந்தான், கை நிறைய சாக்லேட்டோடு. "பத்துக்கு எட்டு மச்சான்! பக்கவாட்டுல கொண்டுபோய், பொறுத்து, தலைக்கு மேல... அப்படியே நீங்க வீசுற மாதிரி!"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் எதிரே வந்து நின்றாள்.

"வேலை கிடைச்சிடுச்சு," என்றாள். "உங்க கோல் இல்லாமலே."

காலைவரை நீ என்று உரிமையாய்ப் பேசியவள். அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதி வாயில்தான் வந்தது. கோணலான அந்தச் சிரிப்பை ஒரு நொடி பார்த்துவிட்டு, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.