கொச்சிக்குக் கொண்டுபோன மெழுகுவத்தி

கொச்சித் துறையில் வள்ளம் ஒதுங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது மிளகு நெடி... அதற்கு அடுத்தது கருவாடு.

என் மனைவி ஆரோக்கியத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மடியிலிருந்த ஈரத்துணிப் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்தாள். நல்லவேளை, மெழுகுவத்தி உருகவில்லை.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பத்தில் ஒரு ஏலக்காய் முதலாளியிடம் நான் வண்டி ஓட்டினேன். அவரும் வேதக்காரர், நாங்களும் வேதக்காரர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்றுதான்... ஆனால் ஊர்க் கோயிலுக்கு நடுவே நீளமாக ஒரு சுவர். அவர்கள் சாதி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எங்கள் பக்கமிருந்து பார்த்தால் மாதாவின் ஒரு கைதான் தெரியும். மெழுகுவத்தியைக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஏற்றினாரா, வீட்டுக்குக் கொண்டுபோனாரா, யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, அணை வேலைக்கு வந்த கொச்சிக் கொத்தனார் ஒருவர் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டார்.

"அங்கன ஒரு பழைய கோயில் இருக்காம். யாரு என்னனு கேக்க மாட்டாகளாம். நானே என் கையால மாதா காலடியில ஏத்தி வைக்கணும். இந்தப் புள்ளையாவது நிக்கட்டும்" என்றாள்.

மலைத்தேன் அடையை உருக்கி அவளே திரித்த மெழுகுவத்தி.

முதலாளி ஏலக்காய் விற்கக் கொச்சிக்குக் கிளம்பியபோது கேட்டேன். "வண்டியில எடம் சும்மாதான கெடக்கு, ஏத்திக்கோலே" என்றார். தங்கமான மனுசர் என்று அன்றைக்கு நினைத்தேன். குமுளி ஏறி, கோட்டயம் வரைக்கும் வண்டி... அங்கிருந்து காயல் வழியாக வள்ளம்.

கொச்சியை அவரேதான் சுற்றிக் காட்டினார். நம் ஊர் ஏற்றம் போலக் கல்லைக் கட்டி இறக்கி ஏற்றும் சீன வலைகள். வெள்ளைக்காரர் போல இருந்துகொண்டு மலையாளம் பேசிய யூதர்களின் தெரு. புல் முளைத்துக் கிடந்த ஒல்லாந்தர் கல்லறைகள். அங்கே நின்று, "எத்தனை கடல் தாண்டி வந்தவன் பாரு ஆத்தா! செத்தா எல்லாருக்கும் ஒரே மண்ணுதான்" என்றார். ஆரோக்கியத்துக்குப் பேரீச்சம்பழம்கூட வாங்கிப் போட்டார்.

கடைசியாகத்தான் கோயில்.

முதலாளி முன்னால் போய் முழங்காலிட்டார். நாங்கள் வழக்கம்போல வாசலோரம் நின்றோம். நரைத்த கோயில்பிள்ளை ஒருவர் எங்களைப் பார்த்து, "முன்னோட்டு வரூ" என்று கை காட்டிக் கூப்பிட்டார்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். பீடத்துக்குக் கிட்டே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கீழ குனிஞ்சு பாக்குறாக... நம்மளத்தான் பாக்குறாக" என்றாள். மாதாவின் முகத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விளக்கில் மெழுகுவத்தியைப் பற்ற வைத்துக் காலடியில் வைக்கக் குனிந்தாள். முதலாளி எழுந்து வந்தார். கத்தவில்லை, அதட்டவும் இல்லை.

"என்ன ஆத்தா இது? நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? இங்கன குடு, நான் வச்சிடுறேன்."

"நேத்திக்கடன் முதலாளி... அவதான் வைக்கணும்" என்றேன்.

"யாரு வச்சா என்னலே? ஏத்துக்கிறவக ஒருத்தகதான."

மேல்துண்டால் பிடித்து, அவள் விரல் தன்மேல் படாமல் மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டார். கோயில்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். முன்னால் வரச் சொன்ன அதே கை எங்களுக்கு வாசலைக் காட்டியது.

திரும்பும் வழியில் ஆரோக்கியம் பேரீச்சம்பழத்தை மாட்டுக்குப் போட்டாள்.

பிள்ளை நின்றுவிட்டது... பெண். லூர்து. அவளை எங்கே பார்த்தாலும் முதலாளி, "ஒனக்காகக் கொச்சியில மெழுகுவத்தி வச்சது நான்தான் தாயி" என்பார். ஆரோக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை அவளால் செரிக்க முடியவில்லை.

இப்போது குமுளிக்கு மோட்டார் போகிறது. புதிதாக வந்த சாமியார் கோயில் சுவரை இடித்துவிட்டார். போன திருவிழாவில் லூர்து நேராக முன்னால் போய், மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்காப்பா அம்மா கொச்சி வரைக்கும் போனாக?"

"ஆமா தாயி, இதுக்குத்தான்" என்றேன்.

அம்மாவுக்கும் ஒன்று ஏற்ற வேண்டும் என்றாள். கிளம்பினோம். கோயில் சுவரை இடித்தவர்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தொடவில்லை. முதலாளி அந்தப் பக்கம், சலவைக்கல்லுக்கு அடியில் கிடக்கிறார். ஆரோக்கியமும் என் இரண்டு பிள்ளைகளும் இந்தப் பக்கம். ஒரே மண்தான்... அவர் சொன்னது சரிதான்.

பெரிய வாசலில் எங்களுக்கு இன்னும் வழி கிடையாது. மெழுகுவத்தியோடு நானும் லூர்துவும் ஓடையைச் சுற்றித்தான் போனோம்.