நான் கண்டுபிடித்த வாய்க்கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தும், தறியில் ஏற்றுவதற்காக நீட்டி வைத்த நூலை, அதாவது பாவு ஒன்றை, வாய்க்கால் என்று மேப்பில் வரைந்த ஒரே ஆள் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

வேலை இதுதான். ஊரைச் சுற்றியுள்ள ஏரி, தோப்பு, மேய்ச்சல் நிலங்களில் எதை முதலில் காப்பாற்றுவது என்று வரிசைப்படுத்த வேண்டும். மழைநீரைத் தாங்குமா, வெயிலைத் தணிக்குமா, பறவைக்கும் பூச்சிக்கும் இடம் உண்டா என்று பார்த்து மார்க் போடுவோம். மேலே வருகிற இடத்துக்கு வேலி கிடைக்கும். கீழே போன இடம் கேட்கிறவர்களுக்குப் போய்விடும்.

திருப்புட்குழிப் பக்கம் ஒரு புறம்போக்குப் புளியந்தோப்பு. அதை லாரி நிறுத்தக் கேட்டிருந்தார்கள். ட்ரோன் படத்தில் அதன் நடுவே நேராக ஒரு நீலக் கோடு. ஏரிக்குப் போகும் வாய்க்கால் என்று முடிவுகட்டினேன். கோடு பாதியில் நின்றது. மரம் மறைக்கிறது போல என்று நானே நீட்டி ஏரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தோப்பு முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நேரில் சரிபார்க்க எங்கள் திட்டத் தலைவியோடு போனேன். மேடம் அதிகம் பேசமாட்டார். வெயில் ஏறாத காலை. வாய்க்காலும் இல்லை, ஈரமும் இல்லை. நான் குனிந்து புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கஸ்தூரி என்ற நெசவுக்கார அம்மாள் வீட்டு ஆட்களோடு வந்து, மரத்துக்கு மரம் பட்டுப் பாவு நீட்டினார். என் நேரம், அன்றும் மயில்கழுத்து நீலம்.

மேடம் டேப்லெட்டைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். "சேகர், உங்க வாய்க்கால் வந்துடுச்சு."

வாய்க்காலை அழித்தால் மார்க் குறைந்து தோப்பு லாரிக்குப் போகும். அழிக்காவிட்டால் வேலி வரும். கஸ்தூரியிடம் சொன்னேன்.

"வேலி போட்டா எங்க நீட்டறது? ரோட்லயா?"

"அப்போ லாரி வந்தா பரவால்லியாம்மா?"

"இன்னா சார் பேசற? நெழலுக்குத்தான இங்க வந்துக்கினு இருக்கோம். வெயில்ல நீட்டினா இழை காஞ்சு அறுந்துடும். இங்க ஒரு கிளைய ஒடைக்க உடமாட்டோம். மரம் போச்சுன்னா எங்க தறியும் போச்சு."

நான் மேடம் பக்கம் ஒதுங்கினேன். "வாய்க்கால் இருந்துட்டுப் போகட்டுமே மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

"மழை வந்தா தண்ணி எங்கேன்னு கேப்பாங்க. அழிங்க. இந்தத் தடவை கீழ நின்னு எண்ணுங்க."

எண்ணினேன். மேலிருந்து ஒரே பச்சைத் திட்டாகத் தெரிந்ததற்கு அடியில் வேம்பும் நாவலும் தாமாக முளைத்திருந்தன. யாரும் கிளை வெட்டாததால் பழைய பொந்துகள் அப்படியே இருந்தன. அவற்றில் ஆந்தைகள் குடியிருந்ததற்கு என் சட்டையே சாட்சி. முதலிடம் போயிற்று. ஆனால் காப்பாற்ற வேண்டிய இடங்களுக்குள் தோப்பு நின்றது. வேலி வேண்டாம், ரோட்டோரம் லாரி ஏறாதபடி ஒரு பள்ளம் போதும், பாவு நீட்டுவது வழக்கம்போல நடக்கட்டும் என்று மேடம் பரிந்துரைத்தார். அப்படியே உத்தரவானது.

நிலத்துக்கு மார்க் போடுவதற்கு முன்னால், அங்கே யார் வந்து போகிறார்கள் என்று ஒரு காலை போய் நின்று பார்க்க வேண்டும். நான் கற்றது அவ்வளவுதான். உத்தரவு வந்ததும் தோப்புக்குப் போய், லாரியும் வராது வேலியும் வராது என்று கஸ்தூரியிடம் சொன்னேன். கையோடு இந்தப் பாடத்தையும் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன். அவர் பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தள்ளி நில்லு சார், இழை அறுந்துடும்."