சோறு கொடுக்க வந்தவள் அல்ல

வேலை செய்ய மாட்டேன் என்று சொன்னவளுக்கு இங்கே நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மெல்போர்னின் ஓரத்தில் நான் வேலைபார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில் நடந்தது இது. பிரெட் வெட்டும் இயந்திரத்தின் மூடி சரியாகப் பூட்டவில்லை. பிளேடு வெளியே தெரிந்தது. என்னோடு நின்ற டெனிஸ் கையுறையைக் கழற்றி, "நாட் சேஃப்" என்று விலகி நின்றாள். இவளுக்குச் சோலி போச்சு என்று நினைத்தேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார். திட்டவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவளை உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம், "டூ யூ ஃபீல் சேஃப்?" என்றார். "சேஃப் சார், வெரி சேஃப்" என்றேன். எனக்குக் கேள்வி புரியவில்லை என்று எண்ணி அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார். நானும் இன்னும் பணிவாக அதையே சொன்னேன். டெனிஸ் முறைத்தாள். கேள்வி புரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள்.

பழக்கிய இடம் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அங்கே மருந்து அடைத்தேன். ஆனைக்குட்டத்திலிருந்து நானும் மாரியம்மாளும் ஒரே வேனில் போவோம். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பது விதி. சீசனில் ஆர்டர் ஏறினால் ஒன்பது பேர் முழங்கால் இடிக்க உட்காருவோம். அதிகாரி வருகிறார் என்றால் போர்மேன் முந்திக்கொண்டு வருவார். "ஏத்தா, நாலு பேரு மட்டும் இருங்க. மத்தவுக வேலிப் பக்கம் போயி நில்லுங்க. கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லணும்." தடுமாறாமல் பேசுவேன் என்று என்னை எப்போதும் உள்ளே இருத்துவார். நானும் ஒவ்வொரு முறையும் பேசினேன்.

ஒரு வைகாசி மதியம் அறைக்குள் நிற்க முடியவில்லை. மாரியம்மாள் போர்மேனிடம், "அண்ணாச்சி, அனல் தாங்கல. மருந்தே சூடாக் கிடக்கு. வெயில் தாந்ததும் செய்றோம்" என்றாள். "முடியலன்னா வீட்டுக்குப் போ. நாளைக்கும் வராத" என்றார் அவர். அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் அறை வெடித்தது. இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். மாரியம்மாளுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

விபத்து என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆபத்து என்று பட்டால் தொழிலாளி சொல்லலாம், சொன்னதும் நிர்வாகம் சரிசெய்தாக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டத்திலும் எழுதித்தான் இருக்கிறது. அவள் சொன்னாளே! அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும்? கம்பெனியோ வருகைப் பதிவேட்டைக் காட்டியது. அதில் அவள் பெயர் இல்லை. யாருக்கோ சோறு கொடுக்க வந்த பெண்ணாம். ஆறு வருஷம் என் தோளோடு தோள் உரச மருந்து அடைத்தவள், சோறு கொடுக்க வந்தவளாம்.

நான் இங்கே வந்து மூன்றாவது வருஷம் மாரியம்மாள் கூப்பிட்டாள். "நஷ்டஈட்டுக் கேசு நடக்கு. நீதான் வந்து சொல்லணும். மத்தவளுக எல்லாம் இன்னும் அங்கனதான் சோலி பாக்காளுக." சரி என்றேன். மறுநாளே, அதே கம்பெனியில் லோடு ஏற்றும் என் அண்ணன் பேசினான். "ஒனக்கென்ன, அங்கன இருந்துக்கிட்டு சொல்லிப்புடுவ. இங்கன நான்ல அந்தக் கேட்டுக்குள்ள போகணும்?" அவன் சொன்னதில் பொய்யில்லை. ஒருவன் உண்மைக்குப் பயந்து தங்கையிடம் கெஞ்சும்படி வைத்திருக்கிறார்களே என்றுதான் ஆத்திரம் வந்தது.

இங்குள்ள இந்தியத் துணைத் தூதரக அறையில் உட்கார்ந்து வீடியோ வழியாகச் சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் கேட்டார்: "அதிகாரிகிட்ட எல்லாம் சரின்னு சொன்னது நீங்கதானே? அப்ப பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?"

"அப்பத்தான் சார் பொய். ஒம்பது பேரு இருந்தோம். எனக்கு வலப்பக்கம் மாரியம்மா. சூடா இருக்கு, வேணாம்னு சொன்னா. என் காதால கேட்டேன்."

மாரியம்மாள் அங்கே வேலை செய்தவள்தான் என்று சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. அதே வாரம் அண்ணனை இனி வரவேண்டாம் என்றார்கள். இப்போது தினமும் சாத்தூருக்குப் போய் ஒரு லாரி செட்டில் மூட்டை தூக்குகிறான். என் போனை எடுப்பதில்லை.

போன வாரம் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "கோயிங் ஹோம்?" என்று சிரித்தபடி படிவத்தை நீட்டினார். லீவில் தங்கும் முகவரி என்று அதில் ஒரு கட்டம். ஆனைக்குட்டத்தில் அண்ணன் வீடும் மாரியம்மாள் வீடும் ஒரே தெருவில் எதிரெதிர் வாசல். நெடுநேரம் யோசித்து மாரியம்மாளின் கதவு எண்ணை எழுதினேன். பெட்டியோடு இறங்கி, அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் அந்தக் கதவை நான் தட்ட முடியும்.