ஆயுத பூஜையன்று தூங்கிய சர்வர்

ஒரு இணையதளத்தைத் திறந்தால் மற்றவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் அது எந்த சர்வரில் ஓடுகிறது என்று பார்ப்பேன். கல்யாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டு சமையல்கட்டை எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்திக்கும் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இருப்பதால், திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே என் பிழைப்பு ஓடுகிறது.

வேலை இதுதான். பிரபலமான இணையதளங்களை என் புரோகிராம் வாராவாரம் ஒரு சுற்று சுற்றி வரும். எந்த சர்வர் மென்பொருள், எவ்வளவு பழசு, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, வெளியிலிருந்து தட்டினால் எந்தெந்தக் கதவு பதில் சொல்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும். தட்டலாம், பதிலைக் கேட்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது. பெரிய தளங்கள் சாமானியத்தில் வாய் திறக்காது. நடுத்தரத் தளங்கள்தான் வேடிக்கை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி, கேட்பதற்கு முன்பே ஜாதகத்தையே ஒப்பித்துவிடும்.

ஒரு கட்டத்தில் நம்ம ஊர்த் தளங்கள் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள், பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரிகள் என்று கொஞ்சம் தளங்களை என் சொந்தக் கணினியில் சேர்த்து, தினமும் தட்டிப் பார்த்தேன். ஆடிக்கிருத்திகைக்கு லாட்ஜ் தளங்கள் மூச்சுத் திணறும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் லுங்கிக் கடைத் தளங்களில் நாலைந்து மட்டும், வருடத்தில் ஒரே ஒரு நாள் மொத்தமாகப் பேச்சுமூச்சில்லாமல் போய்விடும். அடுத்த வருடமும் அப்படியே. எனக்குத் தூக்கம் வரவில்லை. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆயுத பூஜை.

தறிக்கு ஓய்வு, மோட்டாருக்கு ஓய்வு, சர்வருக்கும் ஓய்வு. அப்படியென்றால் அந்த சர்வர்கள் எங்கோ வாடகை இடத்தில் இல்லை, கடைக்குள்ளேயே இருக்கின்றன. உள்ளே போகாமலேயே இவ்வளவு தெரிந்துகொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருடம் அந்தக் கூட்டத்தில் ஒரு புதுத் தளம் சேர்ந்து தூங்கியது. என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவாவுடைய தளம். பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் சொந்தத் தறிகளும் துணி மொத்த வியாபாரமும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பார்சலில் வரவழைத்து அவரவர் தெருவில் விற்பவர்கள். அதில் ஒருத்தியை எங்கள் குடும்பத்துக்கே தெரியும். புருஷனின் அடி தாங்காமல் ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவள். எந்த ஊரில் இருக்கிறாள் என்பது பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது. பாவாவுக்கு மட்டும் தெரியும், பார்சல் போக வேண்டுமே. அந்த ஆள் இரண்டு தடவை கடைக்கு வந்து மிரட்டிக் கேட்டிருக்கிறான். பாவா அவன் முகத்தைப் பார்த்தே தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த விஷயத்தில் பாவா மீது எனக்குப் பெரிய மரியாதை.

வாடகை சர்வரை விட்டுவிட்டு வீட்டுக்கே மெஷினைக் கொண்டுவந்துவிட்டாரா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று செல்லக் கோபத்தோடு நினைத்துக்கொண்டேன். பூஜைக்கு அடுத்த வாரம் கணக்கைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பூஜைக்கு முன்புவரை மூடியிருந்த ஒரு கதவு அவர் தளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் இருக்கிற டேட்டாபேஸின் கதவு. என் புரோகிராம்தான் உளறுகிறது என்று நம்ப ஆசைப்பட்டு மறுபடியும் தட்டினேன். மறுபடியும் பதில் வந்தது. உடனே போன் செய்து இணைய வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தறிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில், சந்தனம் குங்குமத்தோடு மெஷின் உட்கார்ந்திருந்தது. பாவாவே வீடியோ பார்த்து எல்லாம் அமைத்திருந்தார். டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை.

"நம்ம சாமான் நம்ம கண்ணு எதிர்லயே கீதேம்மா. வெளியாளு யாரு வரப்போறான்?" என்றார்.

வெளியாட்களைத் தடுக்கிற ஃபயர்வால் கட்டளைகளையும் அவரே ஒவ்வொன்றாகத் தட்டிச்சு செய்து போட்டிருந்தார். எல்லாம் சரியான கட்டளைகள். அவற்றைச் சேமிக்க மட்டும் மறந்துவிட்டார். சேமிக்காத கட்டளைகள் மெஷின் ஓடுகிறவரைதான் நிற்கும், அணைத்துப் போட்டால் காணாமல் போய்விடும். இன்வெர்ட்டர் புண்ணியத்தில் அந்த மெஷின் அதுவரை ஒருமுறைகூட அணைந்ததில்லை. முதல் தடவையாக அதை அணைத்தது பூஜைக்குத்தான். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி மறுபடி போட்டார். சுவரில்லாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

வந்துபோனவர்களை மெஷின் குறித்துவைக்கும் பதிவுகளை அவர் அனுமதியோடு பார்த்தேன். யாரோ வந்திருந்தார்கள். வந்து, வாடிக்கையாளர் விவரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருந்தார்கள்.

இப்படித் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டு உலகமெங்கும் மெஷின்கள் அலைகின்றன, பெரும்பாலும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்று பாவாவிடம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. வாங்குகிற எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும், முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஆளை நேருக்கு நேர் நின்று அனுப்பியவர், அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் நம்பரைப் போட்டார். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பாத்தது அவரு இல்லன்னு மட்டும் சொல்ல முடியுமாக்கா?"

எந்த நாட்டு மெஷினிலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும். என்றைக்கு, எந்த நேரத்துக்கு வந்தது, எவ்வளவு எடுத்தது என்று சொல்ல முடியும். அதன் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. முடியாதும்மா என்றேன்.

பாவாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்த மாசம் பார்சல் அனுப்பாதீங்கண்ணா. வீடு மாத்திகினு நானே போன் பண்றேன். புது அட்ரஸை மெஷின்ல மட்டும் ஏத்தாதீங்க."

"ஆங், சரிம்மா," என்றார் பாவா.

மெஷினை நான் சரிசெய்து கொடுத்தேன். பாஸ்வேர்டு வைத்தோம், கட்டளைகளைச் சேமித்தோம், அணைத்துப் போட்டு மறுபடி தட்டிப் பார்த்தோம். அடுத்தடுத்து எல்லா வாடிக்கையாளருக்கும் பாவாவே போன் செய்தார். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார்.

மகளின் பரீட்சை முடிந்த பிறகு அவள் கூப்பிட்டாள். அன்று நான் அங்கேதான் இருந்தேன். பாவா போனோடு தறிச் சத்தத்துக்குள் போய் நின்றுகொண்டார். உதடு மட்டும் அசைந்தது, அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். வெளியே வந்தவர் அக்காவிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பார்சலின் மேல் அவரே எழுதி, அவரே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறார். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை.